கோ மாணிக்கத்தின் காது தவறாகக் கேட்கவில்லை

காலை ஏழு மணிக்கு என் கைபேசி அடித்தால் அது கோ மாணிக்கம்தான். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு இந்த வழக்கம் ஒருநாளும் தவறியதில்லை. எடுத்ததும், "ஷ்வேப்யிதா லைன்ல இருக்கு, பேசுங்க" என்பார், அவர் குடியிருந்த பேட்டையிலிருந்து வேறு யாரோ நடுவில் இணைப்புக் கொடுப்பதுபோல. அதன் பிறகு ஒரு சின்ன இருமல். அப்புறம்தான் அவருடைய சொந்தக் குரல் வரும்.

போன செவ்வாய்க்கிழமையும் ஏழு மணிக்கு அடித்தது. அவருடைய எண்தான். ரங்கூனின் பபேடான் பகுதியில் எங்கள் வழக்கமான டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அவரை முந்திக்கொள்ள வேண்டும் என்ற குறும்பில், "என்ன ஆபரேட்டர், இன்னிக்கு லைன் சீக்கிரம் கெடச்சிருச்சா?" என்றேன். மறுமுனையில் பேசியது அவர் மகள் சாந்தி.

"மாமா, அப்பா போயிட்டாரு. விடியக்காலம் தண்ணி கேட்டாரு. குடிச்சிட்டு சாஞ்சாரு, அவ்வளவுதான்."

"யாபாதே, யாபாதே" என்றேன். பரவாயில்லை என்பதற்கு பர்மியில் நாங்கள் சொல்லும் சொல் அது. கால் மிதிபட்டாலும் டீ கொட்டினாலும் சொல்வது. தகப்பனை இழந்த பெண்ணிடம் அதைச் சொல்லிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் வந்து என்னவென்று கேட்டார். போனை அவரிடம் நீட்டினேன்.

கோ மாணிக்கத்தை அறியாதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு இரண்டு கண்களும் போய்விட்டன. அவருடைய தாத்தா துறைமுக வேலைக்கு வந்தவர், தகப்பனார் ரயில்வேயில் இருந்தார். இவர் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, ஆற்றோரத்துச் சரக்கு அலுவலகம் ஒன்றில் தொலைபேசி ஆபரேட்டராகச் சேர்ந்தார். அதே அலுவலகத்தில் நான் எழுத்தர். என்னைவிட ஒரு வயது மூத்தவர் என்பதால் பர்மிய முறைப்படி பெயருக்கு முன்னால் 'கோ' போட்டு அழைத்தேன். பெயர் காதர் என்றாலும் அவருக்கு நான் எப்போதும் 'பாய்'தான்.

நாங்கள் அறிமுகமான விதம் எனக்குப் பெருமை தருவதல்ல. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே ஒரு நாள் மட்டம் போட நினைத்து, கடைத்தெருவிலிருந்து அலுவலகத்துக்கு போன் செய்து, குரலை நடுங்க வைத்து, மேலாளரைக் கேட்டேன். மறுமுனையில் ஒரு ஆள் தணிந்த குரலில் தமிழில் சொன்னார்:

"காய்ச்சல்னு சொல்லப் போறீங்க, சரிதானே? பக்கத்துல பூரி பொரியுற சத்தம் கேக்குது. கொஞ்சம் தள்ளிப் போயி நில்லுங்க, மேனேஜருக்கு லைன் குடுக்கறேன்."

தள்ளிப் போய் நின்றேன். காய்ச்சலும் செல்லுபடியானது. மறுநாள் அந்த ஆளைத் தேடிக்கொண்டு தொலைபேசி அறைக்குப் போனபோது, கதவருகில் என் செருப்புச் சத்தம் கேட்டவுடன், "பூரி நல்லா இருந்துச்சா?" என்றார். அன்றிலிருந்து அவரிடம் பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவை ஒரே ஒரு விஷயத்தில் மீறினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ரங்கூனில் எங்கள் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் துப்பறிவாளர் ஊ துன் பேயைத் தெரியும் என்பார்கள். பழைய பர்மிய நாவல் வரிசையின் நாயகர் அவர்; 'ஊ' என்பது வயதில் பெரியவர்களுக்கு பர்மியில் போடும் மரியாதைச் சொல். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் கறுப்புக் குடை, எதிரில் எப்போதும் பாதி குடித்து ஆறிப்போன டீ. துப்பாக்கி கிடையாது, ஓட்டம் கிடையாது. கேட்பார், கண்டுபிடிப்பார். கோ மாணிக்கத்தின் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாவல்களை உரக்க வாசித்துக் காட்டுவார்களாம். அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

அந்த ஊ துன் பேயாகத் திரையில் இதுவரை நான்கு பேர் நடித்திருக்கிறார்கள். நாங்கள் பிறக்கும் முன்னால் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒருவர், வாலிபத்தில் வந்த வண்ணப் படத்தில் ஒருவர், பிறகு வீடியோ காலத்தில் ஒருவர், இப்போது கைபேசியில் பார்க்கும் தொடரில் ஒரு இளைஞர். கறுப்பு வெள்ளைக்காரர், வண்ணக்காரர், வீடியோக்காரர், போன்காரர் என்று நாங்களே பட்டப்பெயர் வைத்துக்கொண்டோம். இவர்களில் யார் உண்மையான ஊ துன் பே என்பதுதான் நாற்பது ஆண்டுகளாக எங்கள் டீக்கடை வழக்கு. தீர்ப்பு சொல்ல அங்கே எல்லோருக்கும் கண் இருந்தது. ஆனாலும் எல்லோரும் காத்திருந்தது கண்ணில்லாத ஒருவர் என்ன சொல்வார் என்பதற்காகத்தான்.

எல்லாம் வண்ணப் படத்தில் தொடங்கியது. அது வெளியான வாரம் என் மேசைக்கு போன் செய்து, "பாய், ஒரு படம் பாக்கணும். ரெண்டு கண்ணு வாடகைக்குக் கெடக்குமா?" என்று கேட்டார். சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. போனோம்.

அன்றைக்கு நான் செய்த அட்டகாசத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு, காதோடு காதாக, "இப்ப அந்தம்மா மேல சந்தேகப்படறாரு, இப்ப மனசுக்குள்ள கோபப்படறாரு" என்று அளந்துகொண்டே போனேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பி முறைத்தார்கள். இடைவேளையில் சூரியகாந்தி விதை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். ஒரு விதையைக் கடித்துத் துப்பிவிட்டுச் சட்டம் போட்டார்.

"தெரியறத மட்டும் சொல்லுங்க பாய். அர்த்தம் நான் பாத்துக்கறேன். புருவத்தத் தூக்கினா, புருவத்தத் தூக்கினான்னு சொல்லுங்க. சந்தேகமான்னு முடிவு பண்ண வேண்டியது நானு."

இன்னொரு ஏற்பாடும் செய்தார். நான் வலது பக்கம் உட்காருவதால் வலது கையை என் முழங்காலில் வைத்துக்கொள்வார். ஒரு தட்டு என்றால் சொல்லு, இரண்டு தட்டு என்றால் வாயை மூடு. அதன் பிறகு நாங்கள் பார்த்த எல்லாப் படத்துக்கும் இதே ஏற்பாடுதான். பெரும்பாலும் இரண்டு தட்டுதான் கிடைக்கும்.

எனக்கு வண்ணக்காரர் பிடித்திருந்தார். நல்ல உயரம், மீசை, குடையைச் சுழற்றும் ஸ்டைல். கோ மாணிக்கம் உதட்டைப் பிதுக்கினார். "நடந்து வந்தா நாலு வீட்டுக்குக் கேக்குது. இவரு வர்ற சத்தத்துல திருடன் பகோ ஊருக்கே ஓடிப் போயிருப்பான்" என்றார். டீக்கடையில் அதைச் சொன்னபோது வண்ணக்காரரின் ரசிகர்களுக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. எனக்கும்தான்.

அடுத்த ஆண்டு, ஊரின் நடுவில் இருந்த பழைய தியேட்டர் ஒன்றில் கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு வாரம் மட்டும் மறுபடி ஓட்டினார்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு தம்பி, சலீம். படகுத் துறையில் நடந்த சண்டையில் ஒருவரின் கையை உடைத்துவிட்டு, எங்கள் பெரியம்மா வீட்டுப் பரணில் ஒளிந்துகொண்டான். ஒளிந்திருந்தால் குற்றம் பெரிதாகும், தானாகப் போனால் கண்டித்து விட்டுவிடுவார்கள் என்று எனக்கு யாரோ சொன்னார்கள். வார்டு அலுவலகத்துக்குப் போய் அவன் இருக்கும் இடத்தைச் சொன்னவன் நான். கண்டித்து விடவில்லை. ஒன்றரை ஆண்டு உள்ளே இருந்தான். வெளியே வந்ததும் வீட்டுக்கு வராமல் நேராகத் தெற்கே மௌலமைன் ஊருக்குப் போய்விட்டான். ஒரே ஒரு தடவை அலுவலகத்துக்கு என்னைத் தேடி போன் வந்தது. கோ மாணிக்கம் என் மேசைக்கு மணியடித்து, "மௌலமைன்லருந்து உங்க தம்பி" என்றார். "நான் இல்லைன்னு சொல்லிருங்க" என்றேன். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.

இது நடந்து பத்து நாளில் அந்தப் படத்துக்குப் போனோம்.

கறுப்பு வெள்ளைக்காரர் பேசத் தொடங்கிய ஐந்தாவது நிமிடமே கோ மாணிக்கம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரண்டு தட்டு. படம் முழுக்க நான் பத்து வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். அந்த நடிகர் ஒரு கேள்வி கேட்பார், பிறகு சும்மா இருப்பார். எதிராளிக்கு வியர்க்கும்வரை சும்மா இருப்பார். கதையின் கடைசியில் குற்றவாளி யார் என்றால், ஊ துன் பேயின் சொந்தத் தம்பி. படகுத் துறையில் அண்ணனே அவனைப் போலீசிடம் ஒப்படைக்கிறார். மழை பெய்கிறது. படகு கிளம்பிப் போகிறது. அண்ணன் நிற்கிறார். வசனம் இல்லை, பாட்டு இல்லை.

என் முழங்காலில் ஒரு தட்டு விழுந்தது. சொல்லு.

எனக்குத் திரை தெரியவில்லை. கண்ணீரில் எல்லாம் கலங்கலாக இருந்தது. சலீமைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன நாளில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை மட்டும்தான் தெரிந்தது. மறுபடி ஒரு தட்டு. "அழறாரு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "குடையக்கூட விரிக்கல. அழறாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது திரையில் அந்த மனிதர் குடையை விரித்து நடந்துகொண்டிருந்தார். முகத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. விளக்குப் போட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவரோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "நாவல்ல இப்படி இல்ல பாய். துன் பே அழுததா ஒரு வரிகூட இல்ல. இங்க நெசமாவே அழுதாரா?" என்றார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "ஆமா" என்றேன்.

அந்த 'ஆமா'வை எத்தனை ஆண்டுகள் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்தப் படத்தின் பிரதிகள் பிறகு கெட்டுப்போய்விட்டன, ஒன்றுகூட மிச்சமில்லை என்றார்கள். டீக்கடையில் வழக்கு நடக்கும்போதெல்லாம் கோ மாணிக்கம், "கறுப்பு வெள்ளைக்காரரு ஏன் பெரியவரு? கடைசில அழறாரு. மத்தவங்க யாருக்கும் அந்த தைரியம் இல்ல" என்பார். எங்கள் மேசைக்கு வரும் சயா வின் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். சயா வின் முன்பு சினிமாப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த பர்மியர்; 'சயா' என்றால் ஆசிரியர். சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்தவர். "எனக்கு அழுத ஞாபகம் இல்லையே" என்பார். உடனே கோ மாணிக்கம் என் பக்கம் திரும்புவார். "பாய் சாட்சி. சொல்லுங்க பாய், அழுதாரா இல்லையா?" கேட்டுவிட்டுக் காத்திருப்பார். நான் டீயைக் கலக்குவேன். தலையை ஆட்டினால் அவருக்குத் தெரியாது, வாயால்தான் சொல்லியாக வேண்டும். "ஆமா, அழுதாரு."

பொய் ஒன்றைத் தவிர மற்றபடி அவை நல்ல காலங்கள். வீடியோக்காரரின் படத்தை ஒரு வீடியோ கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தோம். நடித்தவர் ஒருவர், குரல் கொடுத்தவர் வேறொருவர் என்பதை முதல் வசனத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "வாய் ஒரு வீட்டுல, தொண்டை இன்னொரு வீட்டுல குடியிருக்கு" என்றார். அந்தப் படத்திலும் கடைசிக் காட்சி ரங்கூனுக்குப் பக்கத்தில் உள்ள கியாக்தான் என்ற ஊரின் படகுத் துறையில் நடப்பதாக வரும். அங்கே எப்படி ஒலிக்கும் என்று கேட்டே தீர வேண்டும் என்று அடம்பிடித்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆற்றின் நடுவில் பகோடா, கரையில் படகுக்காரர்களின் கூச்சல், மீனுக்குப் பொரி போடும் ஜனங்கள். ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்து கேட்டார். "கறுப்பு வெள்ளைக்காரரு பேசினது இந்தத் தண்ணிக்குப் பக்கத்துலதான். வீடியோக்காரரு ஒரு ரூமுக்குள்ள பேசியிருக்காரு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பகோடாவுக்குப் போகலாமா என்று நான் கேட்டதற்கு, வந்த வேலை முடிந்தது என்றார்.

போன்காரரைப் பற்றி அவர் சொன்னதையும் பதிவு செய்கிறேன், ஏனென்றால் கிழவர்களுக்குப் புதியவர்களைப் பிடிக்காது என்று சிலர் பேசினார்கள். சாந்தி தன் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து அவருக்கு அந்தத் தொடரைப் போட்டுக் கொடுப்பாள். பின்னணி இசை அந்த இளைஞரைப் பேசவே விடமாட்டேன் என்கிறது என்று முதலில் முணுமுணுத்தார். பத்தாவது பகுதியில் மாறிவிட்டார். "வீட்டு வேலைக்காரங்ககிட்ட கேள்வி கேக்கறப்ப இந்தப் பையன் மட்டுந்தான் மரியாதையாக் கேக்கறான். மத்த மூணு பேரும் அதட்டினாங்க. நாவல்ல துன் பே அதட்டவே மாட்டாரு" என்றார். எங்கள் மூவருக்கும், எனக்கும் சயா வின்னுக்கும் கடைக்காரருக்கும், அது அதுவரை தோன்றவே இல்லை.

இந்த ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் சயா வின் ஓடோடி வந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒரு பிரதி எங்கேயோ கிடைத்துவிட்டது, சுத்தம் செய்துவிட்டார்கள், ஒரு சின்ன அரங்கில் திரையிடப் போகிறார்கள், படம் முடிந்ததும் ஊ மாணிக்கம் மேடையேறி நான்கு துன் பேக்களையும் ஒப்பிட்டுப் பேச வேண்டும். "நீங்க அழறாருன்னு சொன்ன இடத்த எல்லாரும் பாக்கப் போறாங்க" என்று சிரித்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை, நல்ல மனிதர். ஆனால் நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

சொல்லிவிட மூன்று வாரம் இருந்தது. தினமும் ஏழு மணிக்கு அவரே போன் செய்தார். தினமும் பேசினோம், மழையைப் பற்றி, மின்சாரம் போன நேரத்தைப் பற்றி. ஒரு நூறு பேருக்கு முன்னால் கண் தெரியாத ஒரு மனிதரைக் கோமாளியாக்கப் போகிறேன் என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார். கேட்டால் சலீமைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

திரையிட்ட நாளன்று அவர் வெள்ளைச் சட்டையும் புது லோங்ஜியும் உடுத்தி வந்திருந்தார். அரங்கு நிறைந்திருந்தது. வழக்கம்போல நான் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். மழை, படகு, அண்ணன். முழங்காலில் ஒரு தட்டு.

கண்ணை அகலத் திறந்து பார்த்தேன். சுத்தம் செய்த படத்தில் அந்த முகத்தின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது.

"அழல" என்றேன். "முகம் காஞ்சு கெடக்கு. கண்ணு படகு மேலயே இருக்கு. இப்ப குடைய விரிக்கறாரு. நடக்கறாரு."

அவர் கை என் முழங்காலிலேயே இருந்தது. இரண்டு தட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. விளக்குப் போட்டதும் சயா வின் அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். நான்தான் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனேன்.

பர்மியில் கால் மணி நேரம் பேசினார். நான்கு பேரையும் அவர்களுடைய நடை, மூச்சு, மௌனம் ஆகியவற்றால் பிரித்துப் பிரித்துக் காட்டினார். வண்ணக்காரரின் செருப்பைப் பற்றிச் சொன்னபோது அரங்கு சிரித்தது. கடைசியாகக் கறுப்பு வெள்ளைக்காரரிடம் வந்தார். "இவர் அழுதார் என்று நான் பல ஆண்டுகள் வாதாடியிருக்கிறேன். இவர் அழவில்லை. தப்பு என்னுடையது. என் காது தவறாகக் கேட்டுவிட்டது" என்று சொன்னார். இன்றைக்கு அந்த முகத்தைச் சரியாக எடுத்துச் சொல்லக் கேட்டேன், அழாமல் நடந்து போனதால்தான் அவர் நடிப்பு இன்னும் பெரியது என்று முடித்தார்.

கைதட்டினார்கள். கூடவே சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து டீக்கடையில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. வெளியே மழைச் சத்தம் கேட்கிறது என்று அவர் சொன்னால்கூட, "சரியாக் கேட்டுச்சா, இல்ல அழுகைன்னு கேட்டுச்சா?" என்பார்கள். காதை மட்டுமே நம்பி எழுபது வயதுவரை வாழ்ந்த மனிதர் அவர். கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து கேட்டேன். "கோ மாணிக்கம், பொய் சொன்னது நானு. உங்க காது மேல ஏன் போட்டீங்க?"

"காது தப்பாக் கேக்கல பாய். அன்னிக்கு தியேட்டர்ல ஒரு ஆளு அழுதாரு. எனக்கு வலது பக்கம். யாருன்னு ஊருக்குச் சொல்லணுமா?"

"தெரிஞ்சா இத்தன வருசமா ஏன் என்ன சாட்சிக்குக் கூப்பிட்டீங்க?"

"என்னிக்காவது ஒரு நாள் உண்மையச் சொல்லுவீங்கன்னுதான். துன் பே மாதிரி கேட்டுட்டுக் கேட்டுட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க டீயக் கலக்கிக்கிட்டே இருந்தீங்க." சிரித்தார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "உங்க தம்பி போன் பண்ணினாரே, நீங்க இல்லைன்னு நான் சொல்லல. இருக்காரு, இப்பப் பேச முடியல, மனசு சரியில்லைன்னு சொன்னேன். சரிண்ணே, காக்காவப் பாத்துக்கங்கன்னாரு."

காக்கா என்றால் எங்கள் வீட்டில் அண்ணன். அந்தச் சொல்லை யாரும் என்னைப் பார்த்துச் சொல்லி வெகு காலமாகிவிட்டது. அந்த டீக்கடையில், பட்டப்பகலில், நான் அழுதேன். அவர் என் முழங்காலைத் தட்டவில்லை, சும்மா கையை வைத்திருந்தார். பிறகு, "நம்பர் இருக்கா?" என்றார். பெரியம்மா மகள் கொடுத்த எண் ஏழெட்டு ஆண்டுகளாக என் பர்ஸில் கிடந்தது. வாசித்தேன். என் போனை வாங்கி, பட்டன்களை விரலால் தடவி அவரே போட்டார். காதில் வைத்துக் காத்திருந்தார். "ரங்கூன் லைன்ல இருக்கு, பேசுங்க" என்று சொல்லி என்னிடம் நீட்டினார்.

"அங்க மழையா?" என்று கேட்டேன். "மழைதான் காக்கா" என்றான் சலீம். அன்று அதற்கு மேல் அதிகம் பேசவில்லை. ஆனால் மறுநாளும் பேசினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பதினாறு நாள்தான் கோ மாணிக்கம் இருந்தார்.

தகன மண்டபத்தில் சயா வின் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கேயும் இரண்டு பேர் அந்தக் காதுக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரியத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதை எழுத வேண்டும் என்று. அந்த அரங்கில் இருந்தவர்களுக்கும் எங்கள் டீக்கடைக்காரர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன். கோ மாணிக்கத்தின் காது ஒருநாளும் தவறாகக் கேட்டதில்லை. பூரி பொரிந்ததையும் கேட்டது, நான் அழுததையும் கேட்டது. பொய் சொன்னவன் காதர்.

உள்ளே கொண்டுபோகும் முன்னால் சாந்தி என்னைப் பக்கத்தில் போகச் சொன்னாள். வழக்கம்போல வலது பக்கம் போய் நின்றேன். துணிக்கு மேலாக அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினேன். சொல்லு என்று இனி அவரால் தட்ட முடியாது என்பதால் அவருக்காக நானே தட்டிவிட்டுக் குனிந்து, காதோடு காதாக, தெரிவதை மட்டும் சொன்னேன்.

"வெளிய மழை பெய்யுது கோ மாணிக்கம். சாந்தி உங்க தலமாட்டுல நிக்கறா. சயா வின் செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கறாரு. மௌலமைன்லருந்து சலீம் வந்திருக்கான். எனக்கு ரெண்டு ஆளு தள்ளி நிக்கறான், இந்தப் பக்கமாத்தான் பாக்கறான். காதர் அழறான்."